செம்போத்து வலம் போன மத்தியானம்

எனக்கு ரத்தக்கொதிப்பு. தூக்கமும் சரியில்லை. மாதம் ஒருமுறை டவுன் கிளினிக்குக்குப் போய் வருகிறேன். அங்கே ஒரு நர்ஸ், நம்ம தமிழ்ப் பெண். போன மாதம் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தபடியே ஒரு வைத்தியம் சொன்னாள்.

“டென்ஷன் ரொம்ப இருக்கும்மா உங்களுக்கு. காலையில வெளிய உக்காந்து கொஞ்ச நேரம் குருவிங்கள பாருங்க லா. மனசு லேசாயிடும். இப்ப டாக்டருங்களே அதான் சொல்றாங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சின்ன வயதிலிருந்தே எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேதான் நிற்கும். அடி பெண்ணே, நீ பிறப்பதற்கு முன்னாலேயே நான் குருவி பார்த்தவள், பார்த்தும் ஒரு உயிரைக் காவு கொடுத்தவள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அவள் சொன்னது பொய்யில்லை. குருவி பார்த்ததால்தான் நான் இன்றுவரை பைத்தியமாகாமல் நடமாடுகிறேன். அதை ஏதோ இருமல் மருந்து மாதிரி அவள் சொன்னதுதான் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் வந்தபோது எனக்கு இருபது வயது. மலாய் நாட்டில், குருண் டவுனிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம். புருஷன் எனக்கு அத்தை மகன்; மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். தோட்டம் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில், லயத்து வீட்டில், நாங்கள் இரண்டு பேர், மாமனார் ஒருவர்.

வெள்ளைக்காரத் துரை ஒரு வார்த்தை சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு ஓடிப்போனான். வந்தவனுக்கு ரப்பர் வேண்டியிருக்கவில்லை. மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுக் கேழ்வரகும் மேட்டுநெல்லும் மரவள்ளியும் போடச் சொன்னான். விளைந்ததை லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். எங்களுக்குக் கிழங்கு, உடுத்திக்கொள்ளக் கோணிச்சாக்கு. முதல் வாரமே, குனிந்து வணங்கத் தாமதமானதற்காக ஒரு சிப்பாய் என்னை அறைந்தான். கடைவாய்ப் பல் ஒன்று கழன்று நாக்கில் கிடந்தது. துப்பிவிட்டு மறுபடியும் குனியச் சொன்னான். குனிந்தேன்.

அடுத்த வருஷம் சயாமில் ரயில் போடும் வேலைக்கு ஆள் பிடித்தார்கள். ஒவ்வொரு தோட்டமும் இத்தனை ஆள் தர வேண்டும் என்று உத்தரவு. எங்கள் தோட்டத்தில் பெயர் எழுதியவன் கிராணி. ஆபீசில் கணக்கெழுதுகிறவன், நம்ம ஆள்தான். அவனுக்குப் பிடிக்காதவன் பெயர் முதலில் போகும். போனவன் ஒருவனும் திரும்பவில்லை, ஒரு கடுதாசியும் வரவில்லை. இரண்டாவது லிஸ்டில் மச்சான் பெயர் இருந்தது. லாரி வந்த காலையில் அவர் லயத்தில் இல்லை. தோட்டத்து எல்லையில் ஓடும் சுங்கை என்கிற சிற்றாற்றைத் தாண்டி, மலையடிவாரக் காட்டுக்குள் போய்விட்டார்.

மகனுக்குப் பதில் அப்பனைப் பிடித்தார்கள். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், ஒரு மரத்தோடு மாமனாரைக் கட்டினார்கள். தோட்டம் முழுவதையும் சுற்றி நிற்க வைத்தார்கள். சைக்கிள் சங்கிலியால் அடித்தார்கள். கண்ணை மூடினால் உனக்கும் விழும் என்று கிராணி என் காதருகில் வந்து சொன்னான். மூடாமல் பார்த்தேன். முதுகில் எது தோல், எது சட்டை என்று தெரியாமல் போயிற்று. மகன் எங்கே என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். அவர் காட்டிக்கொடுக்கவில்லை. நாலாம் நாள் செத்தார். குப்புறப் படுத்தபடியே செத்தார். மல்லாக்கப் படுக்க வைக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு மனசு கழன்றுவிட்டது. சுவரைப் பார்த்தால் அந்த முதுகு. அடுப்பைப் பார்த்தால் அந்த முதுகு. தூக்கமில்லை, பசியில்லை. பால் வெட்டும் கத்தியால் மரத்தைக் கொத்திக் குதறினேன். ஒரு நாள் அதே கத்தியைக் கிராணி மேல் வீசினேன். தலைக்கு ஒரு விரற்கடை மேலே போய் ஆபீஸ் கதவில் குத்தி நின்றது. பாழாய்ப் போன குறி! அதற்காக மூன்று நாள் உரக் கொட்டகையில் பூட்டி வைத்து அடித்தார்கள். கொன்றே போட்டிருப்பார்கள். பக்கத்து வீட்டுக் கங்காணி பெண்சாதிதான் கிராணியின் காலில் விழுந்து ஒரு வழி சொன்னாள்.

“ஐயா, இவள ஆளுங்களோட வேலைக்கு விடாதீங்க. பரண்ல ஏத்தி விட்டுருங்க. குருவி வெரட்டட்டும். கத்துறத அங்க போயி கத்தித் தொலைக்கட்டும்.”

அப்படித்தான் பரண் ஏறினேன். நாலு மூங்கில் கால், மேலே பலகை, ஓலைக் கூரை. கையில் கவண், மடியில் கல், பக்கத்தில் தட்டுவதற்கு ஒரு மண்ணெண்ணெய்த் தகரம். எனக்கு முன்னால் அறுத்து முடித்த வெட்டவெளி, அதற்கப்பால் செம்மண் ரோடு. வலப்பக்கம் இன்னும் அறுக்காத கேழ்வரகு. இடப்பக்கம் ஆள் மறைகிற உயரத்துக்கு லாலான் புல். முதுகுக்குப் பின்னால் சுங்கையும் காடும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அங்கேதான்.

நெல்லுக்குருவி, மலாய்க்காரர்கள் பிப்பிட் என்பார்கள், நூறு நூறாக வந்து கதிரில் இறங்கும். விரட்ட வேண்டுமானால் கத்த வேண்டும். இது எவ்வளவு பெரிய வரம் என்று இரண்டாம் நாளே எனக்குப் புரிந்தது. அந்தத் தோட்டத்தில் வாயைத் திறந்து கத்த அனுமதி இருந்த ஒரே ஆள் நான்தான்! கத்தினேன்.

“எடுபட்ட நாயே! கட்டையில போறவனே! அடுத்தவன் வெளைய வெச்சத அள்ளிட்டுப் போக வந்தியா? உன் வயிறு வெடிக்க! உன் வம்சம் கருக!”

ரோட்டில் போகிற சிப்பாய்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். ஆனால் கிராணிக்குத் தமிழ் தெரியுமே. ஒரு நாள் பரண் அடியில் வந்து நின்றான்.

“யாரத் திட்டுற?”

“குருவியத்தான் கிராணியாரே.”

“குருவிக்கு எதுக்கு இம்மாம் பேச்சு?”

“தின்னுட்டுப் போறதக்கூட பொறுத்துக்கலாங்க. கூட்டத்துக்கு வழி காட்டிக் கூட்டியாறது ஒண்ணு இருக்கு பாருங்க, அத நெனைச்சாத்தான் வயிறு எரியுது.”

அவன் முகம் செத்துப் போயிற்று. ஆனால் குருவியைத் திட்டியதாக ஜப்பான்காரனிடம் போய் என்னவென்று கோள் சொல்வான்? காறித் துப்பிவிட்டுப் போனான்.

கத்தியதோடு நிற்கவில்லை. கொன்றேன். கத்தியில் தப்பிய குறி கவணில் தப்பவில்லை. விழுந்ததைப் பொறுக்கிக் கழுத்தைத் திருகி, சுள்ளி மூட்டிச் சுட்டுத் தின்றேன். ஒவ்வொரு கழுத்தைத் திருகும்போதும் கிராணியின் கழுத்து என்றே நினைத்துக்கொள்வேன். நன்றாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். ஆனால் இறங்கி லயத்துக்கு வந்தால் மறுபடியும் அந்த முதுகு.

மாறியது ஒரு சின்ன விஷயத்தால். ஒரு நாள் மடியில் கல் தீர்ந்துவிட்டது. உடம்பெல்லாம் வலி, இறங்கிப் பொறுக்க முடியவில்லை. சும்மா உட்கார்ந்து பார்த்தேன். வெட்டவெளியில், லாலான் ஓரமாக, ஒரு ஜோடி ஆள்காட்டிக் குருவி. நீட்டு நீட்டாக மஞ்சள் கால். கூடு என்று ஒன்றும் கட்டாமல் வெறும் மண்ணில் நாலு முட்டை. உச்சி வெயிலில் ஒன்று சுங்கைக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். அது உட்கார்ந்ததும் மற்றது போகும். ஈர வயிற்றால் முட்டையைக் குளிர வைக்கின்றன. நாசமாய்ப் போன இந்த இடத்தில் இப்படியும் ஒரு குடித்தனமா என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். வெயில் தாழ்ந்தபோதுதான் உறைத்தது, பாதி நாளாக மாமனாரின் முதுகு என் கண்ணுக்குள் வரவேயில்லை.

நர்ஸ் பெண் சொன்னது இதைத்தான். ஆனால் சும்மா பார்த்தால் மனசு லேசாகிவிடாது. வாயால் திட்டிக்கொண்டு பார்த்தாலும் ஆகாது. இது எங்கிருந்து எழும்பியது, எதற்காக எழும்பியது, எங்கே போய் இறங்கும் என்று கேட்டுக்கொண்டே பார்க்க வேண்டும். கண்ணுக்கு அத்தனை வேலை கொடுத்துவிட்டால் மனசுக்குத் தன்னைத் தின்ன நேரம் இருக்காது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அன்றிலிருந்து கொல்வதை விட்டேன். செத்த குருவியிடம் கேட்க ஒன்றுமில்லையே.

சில வாரத்தில் எல்லாம் பிடிபட்டது. ஆள் வந்தால் ஆள்காட்டி எட்டி நின்று விடாமல் கத்தும். முட்டை தின்ன உடும்பு வந்தால் அதன் தலைக்கு மேலேயே பாய்ந்து பாய்ந்து கத்தும். லாரி வந்தால், சத்தம் என் காதுக்கு எட்டுவதற்கு முன்னாலேயே ரோட்டோர மரத்து மைனாக்கள் ஒரே வீச்சில் கிளம்பும். செம்போத்து புதருக்குள் பதுங்கி நடக்கிற ஜாதி. கனத்த உடம்பு, பறக்கச் சோம்பல். யாராவது மிதிக்கிற தூரத்துக்கு வந்தாலொழிய எழும்பாது.

இந்தப் படிப்பால் மச்சான் பிழைத்துக் கிடந்தார். நான் கத்துகிற கத்தல் காட்டுக்குள் கேட்டு, நான் பரணில் இருப்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று. நாலு நாளைக்கு ஒருமுறை மத்தியானத்தில் சுங்கைக் கரைப் புதர் வரை வருவார். வெந்த கிழங்கைப் பொட்டலமாகக் கட்டி ஒரு கல்லுக்கடியில் வைத்திருப்பேன். குருவிகளைப் பார்த்து, ஆள் நடமாட்டம் இல்லை என்று தெரிந்தால் தகரத்தை மூன்று முறை தட்டுவேன். எடுத்துக்கொண்டு போய்விடுவார். பேச்சு கிடையாது. புதர் அசைவதை நான் பார்ப்பேன். ஏழு மாதம் அதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை.

பிறகு அவருக்குக் காட்டுக் காய்ச்சல் கண்டது. இன்னொரு மழைக்காலம் தாங்க மாட்டார் என்று அவர் இருமுகிற இருமலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பெண்டாங் ஊர்ப் பக்கத்து மலாய்க்காரர் ஒருவர் மாதம் ஒருமுறை உப்பும் கருவாடும் மறைத்துக் கொண்டுவந்து எங்களிடம் கிழங்குக்கு மாற்றிப் போவார். நல்ல மனுஷர். தன் மாட்டுவண்டியில் வைக்கோலுக்கு அடியில் படுக்க வைத்துக் கொண்டுபோய்த் தன் ஊர் வயல்வேலையில் விட்டுவிடுகிறேன் என்று அவரே சொன்னார். குறித்த நாள் மத்தியானம் வண்டி ரோட்டில் நிற்கும், சக்கரத்தைச் சரிபார்க்கிற மாதிரி. மச்சான் என் பரணைத் தாண்டி, வெட்டவெளியில் நூறு தப்படி நடந்து வண்டி ஏற வேண்டும். பொட்டலத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துச் சேதி சொல்லிவிட்டேன். தகரம் கேட்டால் வரணும், கேட்காவிட்டால் வரக்கூடாது.

அன்று நான் பரண் ஏறும்போதே ஆள்காட்டி ஜோடி கத்திக்கொண்டிருந்தது. லாலான் பக்கம் பார்த்து, எட்டி நின்று, விடாமல். மறுபடியும் முட்டையிட்டிருந்த சமயம். முந்தின இரண்டு நாளும் உடும்பு வந்திருந்தது. இன்றும் அந்தப் பீடைதான் என்று முடிவு கட்டினேன். உடும்பாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆள் என்றால் வண்டி போய்விடுமே, இன்னும் ஒரு மாதம் அவர் தாங்குவாரா? உச்சிப் பொழுதுக்கு முன்னால் அவை ஓய்ந்து, முட்டையை விட்டு விலகித் தூரத்தில் போய் நின்றன. வண்டி வந்து ரோட்டில் நின்றது. என் கை தகரத்தின் மேல் இருந்தது. தட்ட வரவில்லை.

அப்போது இடப்பக்க லாலானிலிருந்து ஒரு செம்போத்து எழும்பியது. செங்கல் நிற இறக்கையை அடித்துக்கொண்டு என் முன்னால் குறுக்கே பறந்து, வலப்பக்கக் கேழ்வரகுக்குள் போய் விழுந்தது.

செம்போத்து இடமிருந்து வலம் போனால் நினைத்த காரியம் ஜெயம். எங்கள் ஆட்களுக்கு இது தாய்ப்பாலோடு வந்தது. பெண் பார்க்கப் போகும்போது பார்ப்பார்கள். கப்பலேறி இந்த நாட்டுக்கு வரப் புறப்பட்டபோதும் பார்த்தார்களாம். நான் ஏழு மாதம் அந்தப் பலகையில் உட்கார்ந்து, குருவி எதற்குப் பறக்கிறது என்பதை மட்டுமே படித்தவள். ஆள் மிதிக்க வந்தால்தான் அது எழும்பும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்த ஒரு நிமிஷத்தில் படித்ததெல்லாம் போயிற்று. “வலம் போயிருச்சு தாயே!” என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கையால் மூன்று தட்டு தட்டினேன்.

மச்சான் வந்தார். எலும்பும் தாடியும்தான். இடுப்பில் கிழங்குப் பொட்டலம் தொங்கியது. வண்டியில் போய்த் தின்னலாம் என்று வைத்திருந்தார் போல. பரண் அடியில் ஒரு நொடி நின்று, நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

“பாத்தியா புள்ள, வலம் போச்சு.”

அவரும் பார்த்திருக்கிறார். ஏழு மாதத்துக்குப் பிறகு நான் கேட்ட அவர் குரல் அதுதான். நான் தலையாட்டினேன்.

பாதி தூரம் போயிருப்பார். லாலானுக்குள்ளிருந்து இரண்டு சிப்பாய்களும் கிராணியும் எழுந்தார்கள். துப்பாக்கிக் கட்டையால் முகத்தில் அடித்தார்கள். விழுந்தார். எழுந்து ஓடினார், ரோட்டைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. ஒரு சிப்பாயின் துப்பாக்கி முனைக் கத்தி முதுகில் இறங்கி வயிற்றில் வந்தது. உருவி இன்னொரு முறை குத்தினான். பொட்டலம் அவிழ்ந்து கிழங்கு சிதறியது. ஒரு துண்டும் கடிபடவில்லை. அதை மிதித்துக்கொண்டு நின்று மூன்றாம் முறையும் குத்தினான்.

நான் பரணிலிருந்து குதித்தேன். கணுக்கால் முறிந்தது. தவழ்ந்து போனேன். ஒரு சிப்பாய் என் வலது கையை பூட்ஸால் மிதித்துத் திருகினான். இரண்டு விரல் இன்றும் மடங்காது. கிராணி என் தலைமுடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினான்.

“நாலு நாளைக்கு ஒருக்கா, உச்சி வெயில்ல, மூணே தட்டு. எந்தக் குருவிடி அப்படி நேரம் பாத்து வருது?”

வண்டி மெல்ல நகர்ந்து போயிற்று. அந்த மலாய்க்காரரை நான் குறை சொல்ல மாட்டேன்.

பொழுது சாயும் வரை பிணத்தை எடுக்கக் கூடாது, எல்லாரும் பார்க்கட்டும் என்று உத்தரவு. காக்கைகள் வந்தன. எழுந்திருக்க முடியாமல் அவர் பக்கத்திலேயே கிடந்தேன். இடது கையால் மண்கட்டியை எடுத்து எறிந்தேன். அன்று கெட்ட வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. ச்சூ, ச்சூ என்று மட்டும் கத்தினேன். குருவி விரட்டுவது என் வேலை. சாயங்காலம் வரை செய்தேன். ஒரு காக்கையையும் அவர் மேல் உட்கார விடவில்லை.

பத்தாம் நாள் என்னைத் தூக்கி மறுபடியும் பரணில் வைத்தார்கள். கேழ்வரகு முற்றியிருந்தது, வேறு ஆள் இல்லை. கூரை கட்டியிருந்த கயிற்றில் ஒரு முழம் மிச்சம் இருந்தது. அவிழ்த்து, போதுமா என்று பார்த்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து அந்தச் செம்போத்து லாலானிலிருந்து எழும்பி வலம் போயிற்று. அடிப் பாவி என்று பல்லைக் கடித்துக்கொண்டு அது எழும்பின இடத்தைப் பார்த்தேன். ஒரு பெண் அரிவாளோடு புல் அறுத்துக்கொண்டு நின்றாள்.

நாளைக்கும் பார்ப்போம், சாவை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கயிற்றைக் கூரையில் செருகினேன். மறுநாள் ஒரு நாய். அடுத்த இரண்டு நாள் அது பறக்கவேயில்லை. அந்தப் பக்கம் யாரும் வரவுமில்லை. பிறகு ஒரு காட்டுப்பன்றி. ஒரு தடவையாவது அது காரணமில்லாமல், எனக்கு நல்லது சொல்வதற்காக மட்டும், பறக்கிறதா என்று தெரிய வேண்டும். தெரியாமல் சாகக் கூடாது. அந்தப் பிடிவாதத்திலேயே ஜப்பான்காரன் போகிற வரைக்கும் உயிரோடு இருந்துவிட்டேன். ஒரு தடவைகூட அது சும்மா பறக்கவில்லை.

நடுவில் மூன்று முறை ஆள் பிடிக்க லாரி வந்தது. மூன்று முறையும் மைனா கிளம்பிய மாத்திரத்தில் தகரம் கிழிகிற மாதிரி அடித்தேன். ஆண்கள் காட்டுக்குள் ஓட நேரம் கிடைத்தது. எங்கள் லயத்திலிருந்து அதற்குப் பிறகு ஒருவரும் சயாமுக்குப் போகவில்லை. அதற்காக நான் வாங்கிய அடியை எழுதப் போவதில்லை.

ஜப்பான்காரன் தோற்றுப் போனதும் ஆட்கள் கிராணியைப் பிடித்து அதே மரத்தில் கட்டினார்கள். என் கையில் ஒரு கட்டையைக் கொடுத்தார்கள். அடித்தேன். முன்பல் போகிற வரை அடித்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. ஆனால் ஆறும் என்று நினைத்த மனசு ஆறவில்லை. மறுநாள் காலையில், விரட்டுவதற்குக் கதிரே இல்லாத பரணில் ஏறி உட்கார்ந்து ஆள்காட்டியைப் பார்த்தபோதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

நேற்று மறுபடியும் கிளினிக். நர்ஸ் பெண் என் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துத் திடீரென்று குதூகலமானாள்.

“அம்மா, அங்க பாருங்க, செம்போத்து! வலம் போவுது பாருங்க. ரொம்ப நல்லதாம், எங்கம்மா சொல்வாங்க.”

நான் பட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்தேன்.

“எங்கம்மா போறீங்க? பிரஷர் இன்னும் பாக்கல லா!”

முறிந்து கூடிய காலை இழுத்துக்கொண்டு வெளியே போய், அது எழும்பின செம்பருத்தி வேலிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். புல் வெட்டும் ஆள் ஒருவன் நிழலில் குந்தி, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துத் தின்றுகொண்டிருந்தான். வேலை நேரத்தில் உட்கார்ந்ததற்குத் திட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ, பதறிப் பொட்டலத்தை மூடிக்கொண்டு எழுந்தான்.

“உக்காருப்பா. ஒண்ணுமில்ல. முழுசா சாப்பிட்டுட்டுப் போ, நான் இங்கயே நிக்கிறேன்.”

அவன் ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்கார்ந்தான். அவன் கடைசி வாய் தின்று முடிக்கும் வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.